வலப்பக்கத்து ஓர இருக்கை

மார்கழி மாதத்து மதியக் கச்சேரிகளுக்குப் போகும்போது, அரங்கில் எத்தனை நாற்காலிகள் காலியாகக் கிடந்தாலும், மேடையைப் பார்த்து உட்கார்ந்தால் நமக்கு வலக்கைப் பக்கம் வரும் பகுதியில், மூன்றாவது அல்லது நான்காவது வரிசையின் ஓரத்தில்தான் நான் போய் உட்காருவேன். இதற்குக் காரணம் உண்டு. மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது சுருதி சேர்க்கும் முகம், சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பது மேடையின் ஏற்பாடு. அதனால் வலக்கைப் பழக்கமுள்ள மிருதங்கக்காரர் பாடுகிறவருக்கு வலப்புறத்தில், அதாவது நமக்கு இடப்புறத்தில் உட்காருவார். அரங்கின் நடுவில் இருப்பவர்களுக்கு அவருடைய வலக்கை விரல்கள் நன்றாகத் தெரியும். தொப்பி என்னும் மறுமுகத்தில் விழும் இடக்கை வாத்தியத்துக்கு அப்பால் போய்விடும். வலப்பக்க ஓரத்தில் இருப்பவனுக்கோ அவர் ஏறக்குறைய நேர் எதிரே வருவார். இரண்டு கைகளும் தெரியும், முகமும் தெரியும்.

"நீங்க கச்சேரி கேக்கப் போறீங்களா, பாக்கப் போறீங்களா?" என்று அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார். பார்க்கத்தான் போகிறேன் என்று சொல்லியிருந்தால் அவர் வேடிக்கையாக எடுத்துக்கொண்டிருப்பார். ஆனால் உண்மை அதுதான். எனக்குச் சங்கீதம் வராது. ஓரளவு பாடத் தெரிந்தவர்கள் அடக்கத்துக்காகச் சொல்லிக்கொள்ளும் 'வராது' என்ற கணக்கில் இதைச் சேர்க்கக் கூடாது. என்னுடையது சாட்சிகளோடு நிரூபிக்கப்பட்ட வராமை.

முதல் சாட்சி எங்கள் ஊர்க் கோயில். கும்பகோணத்துக்குத் தெற்கே உள்ள சிறிய ஊர் அது. எனக்குப் பத்து, பதினொரு வயது இருக்கும்போது, திருவிழாவின் ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, மேளக் குழுவில் தாளம் போடும் பையனுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், ஒரு சுருதிப் பெட்டி, ஒரு தாளம் என்பதே குழு. மண்டபத்துப் படியில் எப்போதும் அவர்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தவன் நான் என்பதால், "தம்பி, நீ வா, இதைப் பிடி" என்று தவில்காரர் என் கையில் தாளத்தைக் கொடுத்தார். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சுவாமிகூடத் தாங்கியிருக்க மாட்டார்.

சுவாமி புறப்பாட்டுக்கு முதலில் வாசிப்பது மல்லாரி. அதற்குச் சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், கிடையாது. பெரும்பாலும் கம்பீர நாட்டையில், தவிலின் சொற்கட்டோடு பின்னி வரும் உருப்படி. அதை ஒரு காலத்தில் வாசித்து, பிறகு இரண்டாம் காலத்தில் வாசித்து, அதற்கும் மேலே விரைவு கூட்டுவார்கள். நாகஸ்வரம் எந்தக் காலத்துக்குப் போனாலும் தாளம் மட்டும் போட்ட இடத்தில், போட்ட நடையில் நிற்க வேண்டும். அப்படி நின்றால்தான் விரைவு என்பதற்கே பொருள் வரும். இது எனக்கு யாரும் சொல்லாத செய்தி. நாகஸ்வரம் இரண்டாம் காலத்துக்குத் தாவியதும், ஓடுகிறவர்களோடு சேர்ந்து ஓடுவதுதானே மரியாதை என்று நானும் தாளத்தை வேகப்படுத்திவிட்டேன். தவில்காரர் முதலில் கண்ணால் சொன்னார். எனக்குப் புரியவில்லை. பிறகு தலையால் சொன்னார். அதையும் நான் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாகப் போட்டேன். கடைசியில் இரண்டாவது தவிலில் இருந்த இளைஞர் தம் தவிலை நிறுத்திவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் என் கையிலிருந்து தாளத்தை வாங்கிக்கொண்டார். ஒரு தவில் குறைந்தாலும் பரவாயில்லை, இவன் தாளம் வேண்டாம் என்று அந்தக் கணத்தில் முடிவு செய்யப்பட்டது.

நல்ல மனிதர்கள், என்னை விரட்டிவிடவில்லை. மறுநாள் சுருதிப் பெட்டியைக் கொடுத்தார்கள். துருத்தியைத் திறந்து மூடுவதைத் தவிர அதில் வேறு வேலை இல்லை. சுருதியை அவர்களே வைத்துத் தருவார்கள். நாகஸ்வரக் குழுவில் முன்னெல்லாம் ஒத்து என்று தனி வாத்தியமே இருந்தது, ஒரே சுரத்தை விடாமல் ஊதிக்கொண்டிருப்பதற்காக ஒருவர் இருந்தார். அந்த மூச்சு வேலையைப் பின்னாளில் துருத்தி எடுத்துக்கொண்டது. அதில் தவறு செய்ய வழியே இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நள்ளிரவில் வடக்கு வீதி திரும்பும் இடத்தில் சுவாமி நின்றபோது, பெரியவர் நெடுநேரம் ராகம் வாசித்துக்கொண்டிருக்க, நான் திண்ணையில் சாய்ந்து தூங்கிவிட்டேன். சுருதி நின்றது. அவர் வாசிப்பை நிறுத்தவில்லை. இல்லாத சுருதியில் தொடர்ந்து வாசித்துக்கொண்டே இருந்தார் என்று மறுநாள் என் மாமா சொன்னார். அதைக் கேட்டபோது வெட்கத்தைவிட வியப்பே எனக்கு அதிகமாக இருந்தது. சுருதி பெட்டியில் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது சாட்சி என் அக்கா. அக்காவுக்குப் பாட்டு வகுப்பு வைத்தபோது, கூடத் துணைக்குப் போகிறவனும் கற்றுக்கொள்ளட்டும் என்று அப்பா என்னையும் சேர்த்துவிட்டார். பாட்டின் அரிச்சுவடியான சரளி வரிசையின் முதல் வரிசையிலேயே நான் மூன்று மாதம் நின்றேன். ஆசிரியர் ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை. நான் பாட ஆரம்பித்ததும் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வருவார், அவ்வளவுதான். ஒரு நாள் அம்மாவிடம், "பையனுக்குக் கணக்கு நல்லா வருதாமே" என்று சொன்னார். அதோடு நான் கணக்கு வகுப்புக்கு மாற்றப்பட்டேன். இன்று தணிக்கை வேலையில் இருக்கிறேன். இரண்டு பத்தியில் உள்ள எண்கள் பொருந்தவில்லை என்றால் எனக்கு எங்கோ குத்தும்.

சுருதியும் அப்படிக் குத்தும் என்பதுதான் இதிலுள்ள விசித்திரம். காதே சுருதி வேறுபாட்டை உணராத பிறவிக் குறை சிலருக்கு உண்டு என்று மருத்துவ நூல்களில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது இல்லை. மேடையில் ஒருவர் மேல் ஷட்ஜத்தில் இழை அளவு கீழே நின்றால் எனக்கு முகம் சுளிக்கிறது. ஆனால் நானே பாடும்போது, என் குரலும் சுருதியும் ஒன்றாகக் கலந்து நிற்பதாகவே எனக்குக் கேட்கிறது. அக்கா ஒருமுறை நான் குளியலறையில் பாடியதைக் கைபேசியில் பதிவு செய்து குடும்பத்தார் அனைவருக்கும் போட்டுக் காட்டினார். அதில் பாடுகிறவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை; யாரோ ஒருவர் படிக்கட்டுத் தெரியாமல் இருட்டில் இறங்கிக்கொண்டிருந்தார். காதுக்கும் தொண்டைக்கும் நடுவில் எங்கோ ஒரு கம்பி அறுந்திருக்கிறது.

நம்மிடத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு கௌரவமான ஒதுங்கிடம் உண்டு. 'கேள்வி ஞானம்' என்று அதற்குப் பெயர். பாடத் தெரியாவிட்டாலும் கேட்டுக் கேட்டே ராகம் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். ஆலாபனை தொடங்கி இரண்டு பிடி வருவதற்குள் பக்கத்து நாற்காலியில் காம்போதியா, யதுகுலகாம்போதியா என்று பட்டிமன்றம் நடக்கும். நான் அந்த ஒதுங்கிடத்துக்கும் வெளியே நிற்கிறவன். முப்பது வருடம் கேட்ட பிறகும் உறுதியாகச் சொல்லக்கூடிய ராகங்கள் என்று எடுத்தால் ஏழெட்டுத் தேறும், அவற்றிலும் ஒன்றிரண்டு பாட்டின் முதல் வரி வந்த பிறகுதான் உறுதிப்படும். தாளம் போடுவதற்குப் பக்கத்து மாமாவின் தொடையைப் பார்ப்பேன். ஆதி தாளம் என்றால் ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு என்று எட்டு எண்ணிக்கை. எனக்கு எண்ணத் தெரியும், தணிக்கைக்காரனுக்கு எட்டு வரை எண்ண வராதா என்ன? ஆனால் பல்லவி எடுப்பு, அதாவது அது தொடங்கும் இடம், தட்டிலிருந்து அரை இடம் தள்ளி வந்தால் என் எண்ணிக்கை குலைந்துவிடும். ஒருமுறை நான் விடாமல் பின்பற்றிய மாமாவே, தாளக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் நடுவில் தவறவிட்டு, கையை மெல்ல மடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். அவர்மேல் எனக்குப் பெரிய பாசம் ஏற்பட்டது.

கைதட்டுவதிலும் எனக்கு வரலாறு உண்டு. தனியின் முடிவில் வரும் கோர்வை என்னும் சொற்கட்டை மூன்று முறை வாசிப்பார்கள். இரண்டாவது முடிந்ததும் எனக்கு முடிந்துவிட்டதாகவே தோன்றும். அரங்கம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, நான் ஒருவன் மட்டும் தட்டியது இரண்டு முறை நடந்திருக்கிறது. இப்போதெல்லாம் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன்.

இத்தனைக்குப் பிறகும் எதற்காகப் போகிறாய் என்று கேட்டால், ஒலிப்பதிவில் காணாமல் போகும் ஒன்று மேடையில் கிடைக்கிறது என்பேன். பதிவில் இசை ஏற்கனவே நடந்து முடிந்திருக்கிறது. அதில் வரும் பிருகா, அந்த வேகமான சுர உருட்டல், தவறாது, ஏனென்றால் நேற்றும் தவறவில்லை. மேடையில் அது இன்னும் நடக்கவில்லை; நடக்காமலும் போகலாம். அந்த வாய்ப்பைத் தெரிந்துகொண்டே ஒருவர் மூச்சை இழுத்துக்கொண்டு கிளம்புகிறார். பாடத் தெரிந்த ரசிகருக்கு அந்த இடத்தில் ராகத்தின் வழி தெரியும், அடுத்த பிடி எதுவாக இருக்கலாம் என்று மனத்துக்குள் கூடவே நடப்பார். எனக்கு எதுவும் தெரியாது. பாலம் இருக்கிறதா என்று தெரியாமல் ஆற்றைக் கடப்பவரைக் கரையிலிருந்து பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த அறியாமைக்கு ஒரு ஆதாயம் உண்டு என்பதை நான் தாமதமாகத்தான் கண்டுகொண்டேன்: எனக்கு எதுவும் பழகிப்போவதில்லை.

சங்கீதம் தெரியாதவன் வேலையைப் பார்க்கிறான். நாகஸ்வரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உடல் ஆச்சா மரத்தில் கடைவது, அடியில் அணசு என்னும் அகன்ற வாய், மேலே விரலுக்கு ஏழு துளைகள். நரசிங்கம்பேட்டையில் செய்யும் நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதெல்லாம் நாளிதழ் படிப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் அவ்வளவு பெரிய வாத்தியமும் பேசுவது மேலே செருகியிருக்கும் ஒரு நகத்தளவுத் தட்டையான துண்டால்தான். சீவாளி. காவிரிக் கரையில் விளையும் கொறுக்கைத் தட்டையை வேகவைத்து, உலர்த்தி, வெட்டி, நூலால் கட்டி அதைச் செய்கிறார்கள்; திருவாவடுதுறைச் சீவாளிக்குத் தனிப் பெயர். வாசிப்பவர் உதட்டுக்குள் அதை வைத்து ஈரமாக்கி, எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, ஊசியால் வாயைச் சற்றே விரித்து, 'பீ' என்று ஒரு சிறு ஓசை கொடுத்துப் பார்ப்பார். பிடிக்காவிட்டால் வாத்தியத்திலேயே நூலில் தொங்கும் இன்னொன்றை எடுப்பார். அது காய்ந்தால் ஒரு குணம், அதிகம் ஊறினால் இன்னொரு குணம். வீதியில், இரவுப் பனியில், தீவட்டிப் புகைக்கு நடுவில் நின்றுகொண்டு, அந்த ஈரத்தை உதட்டால் கணக்கிட்டுக்கொண்டே மனிதர் தோடி வாசிக்கிறார். சிறு வயதில் நான் படியில் உட்கார்ந்து வாய் பிளந்து பார்த்தது தோடியை என்று சொல்ல முடியாது; அந்த உதட்டைத்தான்.

தோடி என்றதும் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) பெயர் வராமல் இருக்காது. அவரைப் பற்றிய கதைகள் நாட்டில் ஏராளம், எனக்குப் பிடித்தது ஒரு மரவேலைச் செய்தி. முந்தைய திமிரி நாகஸ்வரம் நீளம் குறைந்தது, சுருதி உயர்ந்தது, அதில் சுத்த மத்தியமம் சரியாக நிற்காது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து, நீளம் கூடிய, சுருதி தாழ்ந்த பாரி நாகஸ்வரத்தை அவர் கொண்டுவந்து நிலைநிறுத்தினார். அவ்வளவு பெரிய வித்துவானுக்கும் ஒரு சுரம் மரத்தில் அகப்படாமல் இருந்திருக்கிறது, அதற்காக அவர் ஆசாரியிடம் போயிருக்கிறார் என்பது, மூன்று மாதம் சரளி வரிசையில் நின்றவனுக்கு எவ்வளவு ஆறுதல் என்று சொல்லத் தெரியவில்லை.

மிருதங்கத்துக்கு வருகிறேன். கச்சேரிக்கு முன்னால், திரை விலகாத அரங்கின் பக்கவாட்டில் நின்று எட்டிப் பார்த்தால் இதைக் காணலாம். மிருதங்கக்காரர் சிறிய டப்பாவில் கொண்டுவந்த ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, தொப்பியின் நடுவில் வட்டமாக அப்புவார். உப்புமாவுக்கு எடுக்கும் அதே ரவை. அதன் எடையில்தான் இடக்கையின் 'கும்' பிறக்கிறது. பிறகு வலந்தலையின் விளிம்பைச் சுற்றிக் கல்லால் தட்டுவார். மேலிருந்து ஒரு தட்டு விழுந்தால் சுருதி ஏறும், கீழிருந்து விழுந்தால் இறங்கும். ஒவ்வோர் இடமாக விரலால் மீட்டிக் காது கொடுத்து, தம்புராவோடு ஒட்டுகிறதா என்று பார்த்து, மறுபடி தட்டுவார். கச்சேரி போகப் போக, விளக்குச் சூட்டில் ரவை காயும். இரண்டு பாட்டுக்கு நடுவில், பாடகர் தண்ணீர் குடிக்கும் நேரத்தில், அவர் விரலை நனைத்து ரவையின் மேல் தடவிக்கொள்வதை ஓர இருக்கையிலிருந்துதான் பார்க்க முடியும். கஞ்சிராக்காரர் உடும்புத் தோலைத் தண்ணீரால் நனைத்துச் சுருதியை இறக்குவதும், கடக்காரர் பானையின் வாயை வயிற்றோடு ஒட்டியும் விலக்கியும் நாதத்தை மாற்றுவதும் இதே வகை. மேடையில் எல்லாரும் தண்ணீரோடும் மாவோடும் மண்ணோடும் தோலோடும் ஏதோ செய்துகொண்டே இருக்கிறார்கள். நமக்கு வந்து சேர்வது இசை.

தம்புரா மட்டும் இப்போது பெரும்பாலும் மின்கருவியாகிவிட்டது. பாடுகிறவருக்குப் பின்னால் சீடப்பிள்ளை ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து, நான்கு தந்திகளையும் இரண்டு மூன்று மணி நேரம் ஒரே சீராக மீட்டிக்கொண்டிருக்கும் காட்சி குறைந்து வருவதில் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் உண்டு. குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் ஜீவா என்னும் ஒரு நூல் துண்டைச் செருகி, அதை மயிரிழை நகர்த்தினால், செத்துக் கிடந்த தந்தி திடீரென்று ரீங்காரமிடும். அந்தச் சீடர் கச்சேரி முழுவதும் ஒரு சுரம்கூடப் பாடாமல், தூங்காமல் இருப்பார். தூங்கியவன் என்ற முறையில் அவருக்கு நான் மனத்துக்குள் வணக்கம் சொல்வது வழக்கம்.

ஒலிபெருக்கி வைத்த கச்சேரியில் வாசிக்க மாட்டேன் என்று மிருதங்க வித்துவான் பாலக்காடு மணி ஐயர் (1912–1981) சில காலம் பிடிவாதமாக இருந்தார் என்று படித்தபோது, முதலில் இது பெரியவர்களின் வீம்பு என்றே நினைத்தேன். பிறகு ஒரு வீட்டுக் கூடத்தில், ஐம்பது பேருக்கு நடந்த ஒலிபெருக்கி இல்லாத கச்சேரியில் மிருதங்கத்துக்கு நான்கு அடி தூரத்தில் உட்காரும் வாய்ப்புக் கிடைத்தது. தொப்பியில் உள்ளங்கையின் அடிப்பாகம் அழுந்தி முன்னே நகரும்போது எழும் குமுக்கி, தரையில் உட்கார்ந்திருந்த என் முழங்கால் வழியாக ஏறியது. காது பிறகுதான் கேட்டது. ஐயரின் பிடிவாதம் பாதி புரிந்தது.

எல்லாவற்றையும்விட என் மனத்தில் நிற்பது ஒரு தந்தி அறுந்த மதியம். மயிலாப்பூரில் ஒரு சபா. நுழைவுச் சீட்டு இல்லாத பகல் கச்சேரி, வந்திருந்தவர்கள் நாற்பது பேர் இருக்கலாம். இளம் பெண் ஒருவர் பாடிக்கொண்டிருந்தார், பக்கத்தில் அவர் வயதே உள்ள வயலின்காரர். அந்தந்தக் கணத்தில் கற்பனையாகப் பாடும் கல்பனா ஸ்வரம் உச்சத்துக்குப் போகும் நேரம், 'டக்' என்று ஓர் ஓசை. வயலினின் முதல் தந்தி, பஞ்சமத் தந்தி, அறுந்து வில்லின் மேல் சுருண்டது. பாடுகிறவர் ஒரு கணம் பக்கவாட்டில் பார்த்தார், தாளம் போடும் கை நிற்கவில்லை, அடுத்த ஆவர்த்தனத்தையும் தாமே எடுத்துக்கொண்டார். வயலின்காரர் அவசரப்படவில்லை. பெட்டியைத் திறந்து, உறையிலிருந்து புதுத் தந்தியை உருவி, முனையை மாட்டி, தந்தியை முறுக்கும் பிருடையைச் சுற்றத் தொடங்கினார். அவர் திரும்பி வரும்வரை அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது பாடகருக்கு. ஆனால் நிரப்புவதாகச் சபைக்குத் தெரியவும் கூடாது. மிருதங்கக்காரர் தம் வாசிப்பைச் சற்று உரக்கக் கூட்டினார், பிறகுதான் அதன் காரணம் எனக்குப் பிடிபட்டது. அந்த ஓசைக்கு அடியில் வயலின்காரர், வாத்தியத்தின் மேல் காதைச் சாய்த்துக்கொண்டு, கட்டைவிரலால் தந்தியை மெல்ல நெருடிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நிமிடத்தில் வில் ஏறியது. பாடகர் விட்ட சுரத்துக்கு நேராக அவர் பதில் கொடுத்தார். பாடகர் சிரித்தார். அடுத்த கால் மணி நேரமும் புதுத் தந்தி இறங்கிக்கொண்டே இருக்க, அவர் இடம் கிடைத்தபோதெல்லாம் அதைத் தொட்டுச் சரி செய்துகொண்டே வாசித்தார்.

அன்றைக்கு அது என்ன ராகம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சரளி வரிசையைக் கடந்திருந்தால் ராகத்தைக் கவனித்துக்கொண்டு அந்தக் கட்டைவிரலைத் தவறவிட்டிருப்பேனோ என்னவோ.

திருவையாற்றுக்கும் ஒருமுறை போனேன். தியாகராஜர் ஆராதனை, புஷ்ய பகுள பஞ்சமி, காலையில் பஞ்சரத்தினம். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகங்களில் ஐந்து கீர்த்தனைகளையும் பெரிய வித்துவான்களிலிருந்து பாட்டு வகுப்புப் பிள்ளைகள் வரை கூட்டமாகச் சேர்ந்து பாடுவார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் சொத்தைச் செலவழித்து தியாகராஜரின் சமாதியை எடுத்துக் கட்டிய காலத்தில், அங்கே பெண்கள் பாடவே இடம் இருக்கவில்லை. அதற்கும் அவர்தான் போராடினார். இன்று பந்தலில் பாதிக்கு மேல் பெண்கள். அக்காவோடு போயிருந்த நான், இவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒருவன் குரல் எங்கே தெரியப்போகிறது என்ற துணிச்சலில், புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு நாட்டையில் வாய் திறந்தேன். இரண்டாவது வரியில் முன்னால் இருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, குழந்தை எங்கேயாவது அழுகிறதா என்று தேடுகிற பார்வை. மீதி நான்கையும் வாயை மட்டும் அசைத்து முடித்தேன். அக்கா அதைக் கண்டுபிடித்துவிட்டார் என்பது பேருந்தில் தெரிந்தது.

தனி ஆவர்த்தனத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் ஓர இருக்கைக்கு நியாயம் செய்தவனாக மாட்டேன். இன்றைக்கு நாம் பார்க்கும் கச்சேரியின் வரிசையை வகுத்ததில் அரியக்குடி இராமானுஜ ஐயங்காருக்குப் பெரும் பங்கு உண்டு என்பார்கள். அந்த வரிசையில் முக்கியமான உருப்படியின் முடிவில் தாளக்காரர்களுக்கென்று ஒரு நேரம் விடப்படுகிறது. பாடகரும் வயலின்காரரும் ஓய்ந்து, தாளம் போட்டுக்கொண்டிருப்பார்கள். சபையில் ஒரு பகுதி இதைக் கேன்டீனுக்கான அறிவிப்பாக எடுத்துக்கொள்கிறது. முதல் சொல் விழுந்ததுமே நாற்காலிகள் கிறீச்சிடும், புடவைகள் சரசரக்கும், கதவு திறந்து திறந்து மூடும். அடை-அவியல் எனக்கும் பிடிக்கும். அதன்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் பத்து வருடம், பதினைந்து வருடம் சாதகம் செய்த ஒருவர் தமக்கென்று கிடைத்த பத்து நிமிடத்தைத் தொடங்கும்போது, எதிரே நூறு முதுகுகளைப் பார்க்கிறார். குறைப்பில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி, நீளத்தைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று நெருங்கி, முடிவை நெருங்கும் மோகரா என்னும் பகுதியில் இரண்டும் கைகோத்துக்கொள்ளும் இடத்தில், சபையில் பாதிப் பேர் கைகழுவிக்கொண்டிருப்பார்கள்.

பழனி சுப்பிரமணிய பிள்ளையின் (1908–1962) நினைவு எனக்கு இந்த இடத்தில்தான் வரும். அவர் இடக்கைப் பழக்கக்காரர். அவர் மிருதங்கத்தின் வலந்தலை சபைக்கு நேராக வர வேண்டுமானால் அவர் மேடையின் மறுபக்கத்தில் உட்கார வேண்டும், வயலின்காரர் இடம் மாறிக்கொள்ள வேண்டும். மாறச் சம்மதிக்காத வயலின்காரர்கள் இருந்தார்கள், அதனால் அவருக்கு வாய்ப்புகள் தடைப்பட்டன. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர்தான் அவரைத் தம் கச்சேரிகளுக்கு விடாமல் வைத்துக்கொண்டு தூக்கிவிட்டார். எவ்வளவு வித்தை கையில் இருந்தாலும் உட்கார இடம் கொடுக்கவும் யாராவது வேண்டியிருக்கிறது. எனக்குக் கொடுக்க இருப்பது என் நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பது ஒன்றுதான். அதனால் தனிக்கு நான் எழுந்திருப்பதில்லை.

போன மார்கழியில் ஒரு பகல் கச்சேரி முடிந்ததும், மேடைக்குக் கீழே போய் நின்றேன். மற்றவர்கள் பாடகரைச் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். மிருதங்கம் வாசித்த பையனுக்கு இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயது இருக்கும். தரையில் ஒரு செய்தித்தாளை விரித்து, மிருதங்கத்தை அதன்மேல் சாய்த்து, சிறு தகட்டால் தொப்பியிலிருந்து ரவையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இடக்கைச் சுண்டுவிரலில் ஒட்டுத்துணி. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனவரை வேண்டாம் என்று கைகாட்டினேன்.

"தனி நல்லா இருந்துச்சுங்களா சார்?"

இப்படிக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்லவும் வரவில்லை. "தம்பி, எனக்குத் தாளமே தெரியாது. கோர்வை எங்க முடியுதுன்னுகூடக் கண்டுபிடிக்க மாட்டேன்" என்றேன்.

அவர் சிரித்தார். "ஆனா நீங்க எழுந்து போகலயே. நேர் எதிர்ல இருந்தீங்க. கதவு தொறக்கும்போதெல்லாம் உங்களைத்தான் பாத்துக்கிட்டேன்."

என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். அவர் மிருதங்கத்தை நிமிர்த்தி, "இதை ஒரு நிமிஷம் பிடிச்சுக்கிறீங்களா சார்?" என்று என் கையில் கொடுத்துவிட்டு, உறையை எடுத்துவரத் திரைக்குப் பின்னால் போனார். பலா மரம், நினைத்ததைவிடக் கனம். தொப்பியின் நடுவில் இன்னும் கொஞ்சம் ஈரம் இருந்தது. விரலால் ஒரு தட்டு தட்டிப் பார்க்கலாமா என்று ஆசையாக இருந்தது. அரங்கில் இன்னும் ஆட்கள் இருந்ததால், இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, அவர் வரும்வரை அசையாமல் நின்றேன்.